அடி வெள்ளை: கத்தரிப்பூ நிறமான நீலம்

அத்தியாயம் பதினாறு

மூன்று வாரமாக அந்தக் கத்தியை யாரும் தொடவில்லை.

கத்தி என்றதும் பயந்துவிட வேண்டாம். முனை மழுங்கிய இங்க் கத்தி. கண்ணாடிப் பலகையின்மேல் இரண்டு மூன்று இங்க்கைப் போட்டுக் குழைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. நாற்பது வருடமாக அது தராசின் கையில்தான் இருந்தது.

தராசு என்பது ஆள். டி-ஷர்ட்டுகளில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் அந்தப் பட்டறையை ஆரம்பித்தவர். கலவையில் ஒரு சொட்டு மஞ்சள் கூடினாலும் கண்ணாலேயே எடை போட்டுச் சொல்லிவிடுவார் என்பதால் தொழில்காரர்கள் வைத்த பெயர் அது. வயது அறுபத்தெட்டு. மனைவி போய் ஆறு வருடமாகிறது. வீட்டில் மகன், மருமகள், இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. வீடு சாலையின் இந்தப் பக்கம், பட்டறை அந்தப் பக்கம்.

போன வாரங்களைத் தவறவிட்டவர்கள் இதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் சங்கத்துக்கு இருநூறு டி-ஷர்ட். அரக்குச் சிவப்புத் துணி, நெஞ்சில் வான நீலத்தில் சங்கத்தின் சக்கரம். சிவப்பின்மேல் நேராக நீலத்தை அடித்தால் சேறாகிவிடும். அதனால் முதலில் வெள்ளை அடித்து, ஹீட்டரில் காட்டி உலர்த்தி, அதன்மேல் நீலம் அடிப்பார்கள். அந்த முதல் வெள்ளைக்குப் பட்டறையில் அடி வெள்ளை என்று பெயர்.

நீலத்தைக் கலந்தவர் தராசு. அன்று மகன் வெளிவேலையாகப் போயிருந்தான். மருமகள் தன் அக்கா வீட்டில் இருந்தாள். அச்சடித்த கூலி ஆட்கள் இருவரும் வேலை முடிந்ததும் தங்கள் வழியில் போய்விட்டார்கள். ஐந்தாம் நாள் சங்கத்தின் செயலாளர் மூட்டையோடு வந்து இறங்கினார். பிரித்துப் பார்த்தால், இருநூறு சக்கரமும் கத்தரிப்பூ நிறம்.

"நீங்க கலந்ததுதானேப்பா?" என்று மகன் எல்லார் முன்னாலும் கேட்டான். "உங்க கண்ணுக்கு இது நீலமாவா தெரிஞ்சுது?"

தராசு தள்ளி நின்று சக்கரங்களைப் பார்த்தார். அன்றைக்கு அவர் கண்ணுக்கு அது நீலமாகத்தான் தெரிந்தது. இப்போது கத்தரிப்பூவாகத் தெரிகிறது. பருத்தித் துணியில் அடித்து இறுகிய நிறம் மூட்டைக்குள்ளேயே மாறி அவர் பார்த்ததில்லை. ஆகவே மாறியது தன் கண்தான் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். கத்தியைத் துடைத்துப் பலகைமேல் வைத்துவிட்டு வந்தவர், அதன்பின் இங்க் கலக்கும் மூலைப் பக்கமே போகவில்லை.

மகன் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி வந்தான். கிராம் கணக்கில் எடை போட்டு, வேறொரு கத்தியால் நீலம் கலந்து, மறுபடி அடித்துத் தர வேண்டிய இருநூறில் முதல் நாற்பதைப் போன புதன்கிழமை அடித்தான். நீலம் நீலமாகவே வந்தது. மருமகளும் பார்த்தாள். கதவோரம் நின்று தராசும் பார்த்தார். "நல்லா வந்திருக்கு," என்றார். கண் மருத்துவரிடம் வர மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தவர், அன்று மாலையே சரி என்றுவிட்டார்.

கண் போய்விட்டது என்று நம்பிவிட்டால் ஒரு மனிதர் என்ன ஆவார் என்பதை மருமகள் இந்த மூன்று வாரத்தில் பார்த்துவிட்டாள். செய்தித்தாள் மடித்தது மடித்தபடி கிடந்தது. அதுவரை தாவி இறங்கிய படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சாலையைக் கடக்க, பேத்தி பள்ளி விட்டு வரும்வரை வாசலில் நின்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனார். ஏழு வயதுக் குழந்தை இரண்டு பக்கமும் பார்த்து, "இப்ப வாங்க தாத்தா" என்று கூட்டிப் போகும்.

இன்று திங்கட்கிழமை. பதினோரு மணிக்கு மருத்துவர்.

"நீங்களும் வாங்களேன்," என்றாள் மருமகள், கணவனிடம்.

"வேலை இருக்கு. நீயே கூட்டிட்டுப் போயிட்டு வா."

"என்ன வேலை? மிச்சத்துக்கு இங்க் பத்தல, புதன்கிழமைதான் வரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இருக்குன்னா இருக்கு. விடேன்."

வியாழக்கிழமையிலிருந்தே அவன் முகம் சரியில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துப் பேசுகிறான், ஆளைப் பார்த்துப் பேசுவதில்லை. சனிக்கிழமைக்குள் இருநூறையும் புதிதாக அடித்துத் தர வேண்டுமே, அந்தக் கவலையாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவனைப்பற்றி எப்போதும் ஒரு படி நல்லதாகவே நினைப்பது அவள் சுபாவம்.

கண் மருத்துவர் நடுவயதுப் பெண். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார், விளக்கடித்துப் பார்த்தார், கண்ணின் அழுத்தம் பார்த்தார். நிறத்தில்தான் சந்தேகம் என்று மருமகள் சொன்னதும், அலமாரியிலிருந்து ஒரு நீளப் பெட்டியை எடுத்தார். உள்ளே பொத்தான் அளவு வட்டங்கள். பச்சையிலிருந்து நீலம், நீலத்திலிருந்து ஊதா என்று ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம்.

"நிறம் மாறுற வரிசையில அடுக்குங்க. அவசரமே இல்ல."

மருமகள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பாதி வட்டங்கள் ஒரே நிறமாகத் தெரிந்தன. தராசு ஒவ்வொன்றாக எடுத்தார், வைத்தார். ஒரு வட்டத்தை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு இரண்டுக்கு நடுவில் செருகினார். அவ்வளவுதான்.

மருத்துவர் பெட்டியைத் திருப்பி, வட்டங்களின் பின்னாலிருந்த எண்களைப் பார்த்தார். மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"இங்க் கலக்கறேன்." தராசு திருத்திக்கொண்டார். "கலந்துட்டிருந்தேன்."

"ஒண்ணுகூட மாறல. இதுல நானே ரெண்டு இடத்துல தப்பு பண்ணுவேன். வயசுக்கு உண்டான புரை லேசா இருக்கு, அதனால இப்போதைக்கு ஒண்ணும் தொந்தரவில்ல. கண்ணு அருமையா இருக்குங்க. போய் நிம்மதியா கலங்க."

மருமகளுக்கு ஒரே சந்தோஷம். திரும்பி மாமனாரைப் பார்த்தாள். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு பஸ் வந்து போனது. அது அவர்கள் ஏற வேண்டிய பஸ்தான். அவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன மாமா? நல்ல சேதிதானே சொன்னாங்க?"

"கண்ணு நல்லா இருக்குன்னா, கோளாறு எங்கம்மா?"

அவளுக்குப் புரியவில்லை. அவர் ஒரு விரலால் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இங்கதான். வேற எதையோ கலந்துட்டு, நீலம் கலந்ததா நெனச்சுட்டிருந்திருக்கேன். எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அந்தப் பெரியவரை அவளுக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறாள். அடுப்பை அணைத்தோமா என்று மறந்ததில் தொடங்கியது. கடைசியில் கட்டின மனைவியையே திருடி என்று சொல்லி, வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்குக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனவர் தராசுதான். தம்பியைப் பார்த்தும் அண்ணன், "நீ யார் அனுப்பின ஆள்?" என்று கேட்டாராம்.

"மறந்து போறதுகூடப் பரவாயில்லம்மா," என்றார் தராசு. "யாரை நம்பறதுன்னு தெரியாமப் போச்சு பாரு அண்ணனுக்கு, அதான் கொடுமை. புத்தி தெளிவா இருக்கும்போதே அதையெல்லாம் எழுதி வெச்சுக்கணும்."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. நீங்களா எதையாவது கற்பனை பண்ணாதீங்க."

"எனக்கு ஒரு உதவி பண்ணு. அவன்கிட்ட கண்ணுலதான் கோளாறுன்னு சொல்லிடு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"கண்ணு போயிடுச்சுன்னா அப்பனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவான். புத்தி போயிடுச்சுன்னா பயந்துடுவான். சின்ன வயசுலேர்ந்தே பயந்தாங்கொள்ளி அவன்."

அடுத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தார்கள். சாப்பாடு போட்டாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். "நாலு மணிக்குப் பட்டறைக்கு வரேம்மா. ஒரு சின்ன வேலை இருக்கு," என்றவர், பேத்தி வீட்டில் விட்டுப்போன பென்சில் டப்பாவைத் திறந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போனார்.

பட்டறையில் கணவன் இல்லை. ஸ்கிரீன் சட்டத்தில் கட்டும் மெஷ் வலை வாங்கப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

அவள் நேராக இங்க் மூலைக்குப் போனாள். மாமா அன்றைக்கு எந்த டப்பாவை எடுத்தார், அடையாளம் மாறி எதையாவது கலந்துவிட்டாரா, அதையாவது பார்த்துவிடலாம் என்று தோன்றியது. டப்பாக்கள் எல்லாம் வரிசை மாறாமல் இருந்தன. அவற்றுக்கு மேலே, சுவரில், ஆணியில் கோத்த துணித் துண்டுகள்.

அந்தத் துண்டுகளுக்கு ஒரு காரணம் உண்டு. இங்க் தொட்ட கை துணியைத் தொடக் கூடாது என்பது தராசு போட்ட சட்டம். ஒரு விரல்கறை போதும், ஒரு சட்டை வீண். சட்டம் போட்டவரே அதை மீறியதில்லை. நாற்பது வருடத்தில் அவர் ஒரு டி-ஷர்ட்டையும் கையால் தொட்டுப் பார்த்ததில்லை என்றால் நம்புங்கள். தூரத்தில் நின்று நிறத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். ஒவ்வொரு கலவையையும் முதலில் வெள்ளைப் பருத்தித் துண்டு ஒன்றில் அடித்து, ஓரத்தில் தேதி எழுதி, இந்த ஆணியில் மாட்டிவிடுவார்.

அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஆறாவது துண்டில் அந்தத் தேதி இருந்தது.

ஜன்னலருகே கொண்டு போய் வெளிச்சத்தில் பிடித்தாள். வான நீலம். மூன்று வாரமாக அந்தச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. கத்தரிப்பூவின் சாயல்கூட இல்லை.

மாமா சரியாகத்தான் கலந்திருக்கிறார். கண்ணும் போகவில்லை, புத்தியும் போகவில்லை. உடனே இங்க் விற்பவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ஒரு சந்தேகம். கலக்கும்போது நல்ல நீலமா இருந்த இங்க், டி-ஷர்ட்டுல போனப்புறம் கத்தரிப்பூவா மாறுமா?"

"என்னம்மா, மறுபடியுமா? அதான் வியாழக்கிழமையே உங்க வீட்டுக்காரருக்கு அரை மணி நேரம் விளக்கினேனே!"

அவள் துணித் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் ஒரு தடவை சொல்லுங்கண்ணே."

"பாலியஸ்டர்ல ஏத்தின சாயம் சூடு பட்டா சும்மா இருக்காதும்மா. ஆவியாகி மேல ஏறும். சிவப்புத் துணின்னா அடி வெள்ளைக்குள்ள ஏறி அதை ரோஜாவாக்கிடும். மேல இருக்கறது நல்ல நீலம்தான். ஆனா ரோஜா மேல உட்கார்ந்தா கத்தரிப்பூவாத்தானே தெரியும்? அடிச்ச அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. சூட்டோட அடுக்கி மூட்டை கட்டிட்டீங்கன்னா உள்ளுக்குள்ளேயே ஏறிட்டிருக்கும். மறுநாளோ நாலு நாள் கழிச்சோதான் பல்லை இளிக்கும்."

"நாங்க பருத்தியிலதானேண்ணே அடிக்கிறோம்?"

"அதை நீங்க வீட்டுலயே கேட்டுக்கோங்கம்மா," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அச்சடித்த துணியைச் சூட்டில் இறுக வைக்கும் டிரையருக்குப் பின்னால் பழைய படுதா ஒன்று போர்த்தியிருந்தது. அவள் அதை விலக்கினாள். ஒரு சாக்கு. உள்ளே புதன்கிழமை அடித்த நாற்பது டி-ஷர்ட்டும் இருந்தன. அவள் கண்ணாலே பார்த்து நீலம் என்று மெச்சியவை. நாற்பதும் கத்தரிப்பூ.

அடியில் தனியாக நான்கு துணிகள், ஒவ்வொன்றிலும் குண்டூசி குத்திய சீட்டு. எல்லாம் கணவனின் கையெழுத்து. "வெள்ளை அடி, டிரையர் 160 டிகிரி, மறுநாள் கத்தரிப்பூ." அடுத்ததில் சூட்டை 140 ஆகக் குறைத்திருந்தான், "லேசாக மாறியது" என்று எழுதியிருந்தது. மூன்றாவதில் 130-லேயே இறுகும் இங்க், ஆனால் சூட்டோடு அடுக்கியது, ஓரத்தில் மட்டும் ரோஜா. நான்காவது சீட்டைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தான். "முதலில் சாம்பல் அடி, அது சாயத்தைத் தடுக்கிறது. மேலே மெல்லிய வெள்ளை. தொட்டால் ஒட்டாத அளவுக்கு மட்டும் ஹீட்டர். ஆறிய பிறகு நீலம். 130. ஒவ்வொன்றாக விரித்து ஆறவைத்தது. மூன்றாம் நாளும் நீலம்."

அவள் அந்த நான்காவது துணியைப் பார்த்தாள். அழகான நீலம். அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு சரியாகச் செய்திருந்தான். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கணவன் உள்ளே வந்தபோது சாக்கு நடுக்கூடத்தில் இருந்தது. அவள் அதன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"கண்டுபிடிச்சிட்டேன்," என்றான் அவசரமாக. "சாம்பல்ல ஒரு அடி போட்டா சாயம் அதைத் தாண்டி ஏறாது. அந்த இங்க் புதன்கிழமை வந்துடும். சனிக்கிழமைக்குள்ள இருநூறும்..."

"நான் டி-ஷர்ட்டைப் பத்திக் கேக்கல."

அவன் மெஷ் சுருளைக் கீழே வைத்தான்.

"அரக்குச் சிவப்புல பருத்தி அந்தத் தேதிக்குள்ள கிடைக்கல. பருத்தி மாதிரியே நெய்த பாலியஸ்டர் இருந்துது. அப்பாகிட்ட கேட்டா வேண்டாம்னுதான் சொல்வார். நம்ம டிரையர் சூட்டுக்கு ஆகாதுன்னு முன்னாடியே ஒரு தடவை சொல்லியிருக்கார். சும்மா பிடிவாதம்னு நெனச்சு, சொல்லாமலே வாங்கிட்டேன்."

"மூட்டை திரும்பி வந்தப்போ?"

"சத்தியமா அப்போ அவர் கண்ணுன்னுதான் நெனச்சேன்."

"வியாழக்கிழமை?"

அவன் கீழே வைத்த மெஷ் சுருளைக் காலால் ஓரம் தள்ளினான்.

"வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. மாமா நம்ம பொண்ணு கையைப் பிடிச்சுட்டு ரோட்டைத் தாண்டறதை இந்த ஜன்னல் வழியாத்தானே பார்த்துட்டிருந்தீங்க?"

"இந்த வயசுல கண்ணுல ஏதாவது இருக்கத்தானே செய்யும்? டாக்டர் ஏதாவது சொல்லிட்டா அதோட போயிடும், யார் தப்புன்னு யாரும் கேக்க மாட்டாங்கன்னு..."

"டாக்டர் ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. கண்ணு அருமையா இருக்காம்."

அவன் முகம் மலர்ந்தது. "அப்பாடா! அப்போ நல்லதாப் போச்சே!"

அவளுக்கு அவனை ஓங்கி அறையலாமா என்றிருந்தது. அறையவில்லை. பஸ் நிறுத்தத்து பெஞ்சில் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டியதைச் சொன்னாள். பெரியப்பாவைப் பற்றிப் பேசியதைச் சொன்னாள். பயந்துவிடுவான், அவனிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதையும் சொன்னாள்.

அவன் அப்படியே சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நாலு மணிக்கு வர்றேன்னிருக்கார்," என்றாள். "அதுக்குள்ள யோசிச்சுக்கோங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

தலை நிமிராமலே, "நானே சொல்றேன்," என்றான்.

நாலு அடித்துக் கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சாலையோரத்தில் தராசும் பேத்தியும் தெரிந்தார்கள். குழந்தையின் முதுகில் பள்ளிக்கூடப் பை. ஒரு லாரி போகும்வரை இருவரும் நின்றார்கள். பிறகு குழந்தை தாத்தாவை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. மகன் ஜன்னலில் நின்று அதை முழுக்கப் பார்த்தான்.

தராசு துவைத்த சட்டை போட்டிருந்தார். சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று எட்டிப் பார்த்தது. யாரிடமும் பேசாமல் இங்க் மூலைக்குப் போனார். மூன்று வாரம் கழித்து முதல் தடவையாக அந்தக் கத்தியை எடுத்தார். கைக்குட்டையால் ஒருமுறை துடைத்து, மகன் முன்னால் நீட்டினார்.

"இந்தா. இனிமே நீதான் வெச்சுக்கணும். கண்ணு சரியில்லன்னுட்டாங்க. மருமக சொல்லியிருப்பாளே."

மகன் கத்தியை வாங்கவில்லை. சாக்கிலிருந்து ஒரு டி-ஷர்ட்டை எடுத்து நீட்டினான்.

"அப்பா, இதைக் கையில வாங்கிப் பாருங்க."

பழக்கத்தில் அவர் கை பின்னால் போனது. பிறகு தன் விரல்களைத் தானே பார்த்தார். நகக்கண்ணில்கூட இங்க் இல்லை. கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டு டி-ஷர்ட்டை வாங்கினார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய் தேய்த்தார்.

"இது பருத்தி இல்லையே."

"இல்லப்பா. பாலியஸ்டர். முதல் இருநூறும் இதே துணிதான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். கேட்காமல் துணியை மாற்றியது, தான் கலந்த நீலமும் மறுநாள் மாறியது, சாக்கில் கட்டி ஒளித்தது. எதையும் மழுப்பவில்லை. அந்த மட்டுக்கும் சரி.

தராசு டி-ஷர்ட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். மருமகளைக் கூப்பிட்டார்.

"இது என்ன நிறம்மா?"

"கத்தரிப்பூ மாமா."

"எனக்கும் அதான்."

அவள் ஆணியிலிருந்து எடுத்து வைத்திருந்த துணித் துண்டை நீட்டினாள். அவர் ஓரத்திலிருந்த தேதியைப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"இது?"

"வான நீலம்."

"எனக்கும் அதான்," என்று சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. முக்காலியில் உட்கார்ந்து துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. குழந்தை பயந்துபோய் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டது. "ஒண்ணுமில்லடா, தாத்தாவுக்குச் சந்தோஷம்," என்றாள் அவள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

தராசு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"வியாழக்கிழமைப்பா."

"காலையிலயா, சாயந்திரமா?"

"காலையில."

அவர் தலையாட்டினார். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால், திட்டியிருந்தால், மகனுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"அப்பா, ஏதாவது சொல்லுங்கப்பா. ரெண்டு அடி வேணும்னாலும் அடிங்க."

தராசு நான்காவது துணியைக் கையில் எடுத்தார். சீட்டைக் கண்ணாடி போடாமலே படித்தார். சக்கரத்தின் ஓரத்தை விரலால் தடவினார்.

"சாம்பல் அடியா? நல்லா வந்திருக்கு. ஆம்புலன்ஸ்காரங்க போட்டுக்கப் போறது, தேதி தவறாமக் குடுத்துடு."

"நீலத்தை நீங்கதான் கலக்கணும்ப்பா. நாளைக்கு வருவீங்கல்ல?"

தராசு எழுந்தார். பையிலிருந்த காகிதத்தை எடுத்தார். பிரித்துப் பார்க்காமல் மகன் கையில் வைத்தார்.

"மத்தியானம் எழுதினது. இனிமே எனக்கு இது வேண்டாம். கிழிச்சுப் போட மனசு வரல, நீயே வெச்சுக்கோ."

கத்தி மேஜைமேல் வைத்த இடத்திலேயே கிடந்தது. அதை அவர் எடுத்துக்கொள்ளவும் இல்லை, மகனிடம் மறுபடி நீட்டவும் இல்லை. வாசலில் பேத்தி பழக்கப்படி கையை நீட்டினாள்.

"வேண்டாம்டா செல்லம். பையை இப்படிக் குடு, தாத்தா தூக்கிட்டு வரேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். குழந்தையின் கையைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தார். பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

மகன் காகிதத்தைப் பிரித்தான். மருமகளும் அவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். குழந்தையின் பேனாவில், நடுக்கமில்லாத கையெழுத்தில் எழுதியிருந்தது.

மறந்து போனால் பார்க்க வேண்டியது, என்று மேலே தலைப்பு. வீடு, சாலையின் இந்தப் பக்கம், பச்சைக் கதவு. பட்டறை எதிரில். மனைவி இறந்துவிட்டாள், தேட வேண்டாம். பேத்தி, இரண்டாம் வகுப்பு, இருட்டென்றால் பயப்படுவாள். மருமகள், மகளைப்போல, அவளைத் திட்டக் கூடாது.

கடைசி வரியின் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தார்.

மகன். எல்லாம் மறந்துவிட்டாலும் இவன் சொல்வதை நம்பலாம். இவன் என்னிடம் பொய் சொல்ல மாட்டான்.